பவளத் தொட்டியில் கடல் முள்ளெலியை விடலாமா?

200 லிட்டர் ரீஃப் தொட்டி, ஓட ஆரம்பித்து எட்டு மாதம். பாறைகள் மேல் பச்சை முடிப்பாசி படர்ந்து, கையால் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துவிட்டது. ஒரு கடல் முள்ளெலியை (உருண்டை உடம்பெங்கும் முள் கொண்ட சீ அர்ச்சின்) விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள், ஆனால் அது பவளங்களைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பவளத்துக்கு அதனால் ஆபத்து உண்டா என்பது ஒன்று. பாசி உண்மையிலேயே தீருமா என்பது இன்னொன்று. நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பாசி தீர்ந்த பிறகு அந்த உயிர் எதைத் தின்று வாழும்? முதல் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பொறுத்தே அமைவதால் அதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

நான் கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றிப் படித்தவன். பல வருடங்களாக ரீஃப் தொட்டி வைத்திருக்கிறேன். சின்ன வகை முள்ளெலிகளை என் தொட்டிகளிலேயே நெடுநாள் வளர்த்திருக்கிறேன். நீள முள் வகைகளைப் பெரும்பாலும் பிறர் தொட்டிகளில்தான் கவனித்திருக்கிறேன், ஆகவே அவற்றைப் பற்றிய என் கருத்துகளுக்கு அந்த அளவுக்கு மட்டும் எடை கொடுங்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: வகை பார்த்து வாங்கி, ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு, பவளங்களைப் பாறையோடு பசை போட்டு ஒட்டிவைத்து, பாசி குறைந்ததும் தனியாகத் தீனி போடத் தயாராக இருந்தால் தாராளமாக விடலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

அது எப்படித் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வாய் உடம்பின் அடிப்பக்கம், பாறையை ஒட்டி இருக்கிறது. அதற்குள் ஐந்து பற்கள், அவற்றைத் தாங்கி அசைக்கும் சுண்ணத் துண்டுகள், தசைகள் எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பு. அரிஸ்டாட்டில் விளக்கு என்று அதற்குப் பெயர். பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். தொட்டியில் நாம் விடும் சின்ன நத்தைகள் மேலே படிந்த படலத்தை வழித்தெடுக்கும். முள்ளெலியோ பாறையின் மேற்பரப்போடு சேர்த்தே சுரண்டி எடுக்கும். அது போன தடம் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பாறையை மூடியிருக்கும் சுண்ணப்பாசியும் அந்தச் சுரண்டலில் போகும். சுண்ணப்பாசிப் பூச்சை ஆசையாக வளர்ப்பவர்களுக்கு இது முதல் ஏமாற்றம். கண்ணாடித் தொட்டியை அந்தப் பற்கள் ஒன்றும் செய்யாது, ஆனால் அக்ரிலிக் தொட்டியில் கீறல் விழும். உங்களுடையது அக்ரிலிக் என்றால் யோசனையை இங்கேயே நிறுத்திவிடலாம்.

அதற்குக் கண் கிடையாது. உடம்பு முழுவதாலும் வெளிச்சத்தை உணர்கிறது. முட்களுக்கு இடையே நீளும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களால் தொட்டுப் பார்த்து, ஒட்டிப் பிடித்து நகர்கிறது. முன்பக்கம் பின்பக்கம் என்று இல்லாததால் எந்தத் திசையிலும் போகும். எதிரே உங்கள் விலை உயர்ந்த பவளம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வழியில் ஒரு தடை, அவ்வளவுதான்.

இனி பவளத்தைத் தின்னுமா என்ற கேள்வி. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மீன் வளர்ப்போர் வழக்கமாக வாங்கும் சின்ன வகைகளுக்குப் பாசிதான் முக்கிய உணவு, உயிருள்ள பவளச் சதையைத் தேடிப்போய்த் தின்னும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. கடலில் பார்த்தாலும் பவளத்துக்கும் இவற்றுக்கும் இருக்கும் உறவு பெரும்பாலும் பவளத்துக்கு நல்லதாகவே இருக்கிறது. இதற்குப் பெரிய சாட்சி கரீபியன் கடல். அங்கே டயடெமா ஆன்டிலாரம் என்ற நீள முள் முள்ளெலி பாறைத் திட்டுகள் எங்கும் நிறைந்திருந்தது. 1983இல் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு கொள்ளைநோய் சுமார் ஓராண்டில் கரீபியன் முழுக்கப் பரவி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. காரணம் என்னவென்று அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. மேய ஆளில்லாமல் பாசி ஏறியது. ஜமைக்காவின் பாறைத் திட்டுகளில் 1970களின் பிற்பகுதியில் பாதிப் பரப்பை மூடியிருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 1980இல் அடித்த ஆலன் சூறாவளிக்கும், பாசி தின்னும் மீன்களை அளவுமீறிப் பிடித்ததற்கும் அதில் பெரிய பங்கு உண்டு, எல்லாப் பழியையும் முள்ளெலி இல்லாமல் போனதன் மேல் போட முடியாது. ஆனால் அதே ஜமைக்காவின் வடகரையில் முள்ளெலிகள் திரும்பி வந்த இடங்களில் பாசி குறைந்து குட்டிப் பவளங்கள் கூடுதலாக முளைத்திருப்பதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022இல் கரீபியனில் மறுபடியும் ஒரு சாவு அலை வந்தது. இம்முறை காரணம் பிடிபட்டது, குற்றிழை கொண்ட ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி.

தொட்டிக்கு இன்னும் நெருக்கமான சான்றும் இருக்கிறது. லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன்காட்சியகத்தில் பவளங்களைத் தொட்டிக்குள்ளேயே முட்டையிட வைத்து வளர்க்கிறார்கள். அங்கே, புதிதாக ஒட்டிய அக்ரோபோரா பவளக் குஞ்சுகளோடு டக்சிடோ எனப்படும் குட்டை முள் முள்ளெலிகளைச் சேர்த்து வளர்த்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முள்ளெலிகள் மேய்ந்த இடத்தில் பவளக் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. பாசி மூச்சு முட்ட வைப்பதுதான் குட்டிப் பவளத்துக்கு முதல் எமன் என்று பவளம் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாசியைச் சரியான அளவில் மேயும் ஒரு வாய் அங்கே உதவியிருக்கிறது.

சந்தேகத்துக்கு இடமான பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. மாண்டிபோரா போலப் பாறையோடு படர்ந்து வளரும் பவளங்களின் ஓரத்தை முள்ளெலி கடித்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படிச் சில வெள்ளை ஓரங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எது உயிருள்ள சதையைத் தின்றது, எது ஏற்கெனவே செத்த ஓரத்தில் முளைத்த பாசியைச் சுரண்டும்போது பக்கத்துச் சதையும் சேர்ந்து போனது என்று பிரித்துச் சொல்வது கடினம், ஏனென்றால் பெரும்பாலும் இரவில் நடந்து முடிந்த பிறகுதான் நாம் பார்க்கிறோம். என் எண்ணம் என்னவென்றால், வயிறு நிறைந்த முள்ளெலி இதைச் செய்வது மிக அபூர்வம், பட்டினி கிடப்பது செய்யும். இதற்கு ஒரு பின்னணி உண்டு. டயடெமா வகையில் உணவு குறைந்தால் உடம்பு சுருங்கும், ஆனால் தாடை அமைப்பு உடம்போடு ஒப்பிடும்போது பெரியதாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசித்த முள்ளெலி கூடுதல் வேகத்தோடு, கிடைத்த பரப்பையெல்லாம் சுரண்டும்படியே அமைந்திருக்கிறது.

உண்மையில் உங்கள் தொட்டியில் நடக்கப்போகும் சேதம் வேறு விதம். ஃப்ராக் என்று நாம் சொல்லும் சிறு பவளத் துண்டுகளைப் பாறைப் பொந்தில் செருகியோ மணலில் நிறுத்தியோ வைத்திருப்போம். காலையில் பார்த்தால் அவை தலைகுப்புறக் கிடக்கும், அல்லது இருந்த இடத்திலேயே இருக்காது. டக்சிடோ, பின்குஷன், கலெக்டர் வகைகளுக்குக் கையில் அகப்பட்டதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. சிப்பி, கல், பாசித் துண்டு, உங்கள் சோயாந்திட் (பூப்போல விரியும் மென்பவள வகை உயிர்) துண்டு, எதுவானாலும் சரி. ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு ஒரே விடை இல்லை. கடும் வெளிச்சத்திலிருந்து நிழல் தேடுவது, எதிரியிடமிருந்து மறைவது, அலையில் அடித்துப் போகாமல் பாரம் ஏற்றிக்கொள்வது என மூன்று விளக்கங்கள் உண்டு. வெளிச்சக் காரணத்துக்குச் சோதனைகளில் ஓரளவு ஆதரவு இருக்கிறது. காரணம் எதுவானாலும், தலையில் ஏறிய பவளம் இரவு முழுவதும் சுற்றுலா போய், கடைசியில் வெளிச்சமே படாத பொந்துக்குள் விழுந்து கிடக்கும். காளான் பவளங்களும் தனிப் பூ சோயாந்திட்களும்தான் இதில் அதிகம் தொலைபவை.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் முள்ளெலி வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கெட்டியான ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையால் ஒவ்வொரு துண்டையும் ஒட்டுங்கள். கனமான துண்டுக்குப் பசை, எபாக்சி மாவு, மறுபடி பசை என்று மூன்று அடுக்காக வையுங்கள். ஒட்டிய துண்டை ஒரு நாள் கழித்து விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் முள்ளெலியும் அசைக்கும். பாறை அடுக்கையும் அப்படியே சோதியுங்கள். பாறைகள் மணல் மேல் நிற்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். அகந்தோபிலியா, ட்ராக்கிஃபிலியா போல ஒட்டாமல் மணலில் திறந்தவாறு கிடக்கும் சதைப்பற்றுள்ள பவளங்கள் மேல் முள் ஏறி நடந்தால் சதை கிழியும். அவற்றைச் சுற்றி வழி விட்டு வையுங்கள்.

வகைத் தேர்வில்தான் பாதி வெற்றி. 200 லிட்டருக்கு நான் சொல்வது டக்சிடோ முள்ளெலி, அறிவியல் பெயர் மெஸ்பிலியா குளோபுலஸ். முட்கள் குட்டையானவை, முள் இல்லாத நீலப் பட்டைகள் உடம்பில் ஓடும். ஓடு சுமார் 5 செ.மீ. அளவில் நின்றுவிடும். இதைவிடப் பெரிதாக வளரும் கலெக்டர் முள்ளெலி, அதாவது ட்ரிப்நியூஸ்டஸ் கிராட்டில்லா, பாசி தின்பதில் அசுரன். ஹவாயின் கானியோஹே வளைகுடாவில் வெளியூர்ப் பாசி பவளங்களை மூடியபோது, அரசின் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து லட்சக்கணக்கில் கடலில் விட்டது இதைத்தான். ஆனால் அது 15 செ.மீ. வரை போகும். உங்கள் தொட்டியில் சில வாரங்களில் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு அப்புறம் பட்டினி கிடக்கும். நீள முள் டயடெமா அழகான உயிர். பங்காய் கார்டினல் மீன்கள் அதன் முட்களுக்கு நடுவே அடைக்கலம் புகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் முட்கள் 20, 30 செ.மீ. நீளம் போகும், எளிதில் முறியும், கையில் ஏறினால் கடுக்கும். பெரிய தொட்டியும் அது பகலில் ஒதுங்கப் பெரிய பொந்தும் இருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

பென்சில் முள்ளெலிகளைப் பவளத் தொட்டியில் நான் விடமாட்டேன். யூசிடாரிஸ் போன்றவை பாசியோடு கடற்பஞ்சையும் ஒட்டி வாழும் மற்ற உயிர்களையும் தின்பவை, பவளமும் அந்தப் பட்டியலில் சேரலாம். எக்கினோமெட்ரா வகை பாறையைக் குடைந்து குடியிருக்கும். உங்கள் பாறை அடுக்குக்கு அது நல்லதல்ல. இவை தவிர, கடையில் பெயர் தெரியாமல் விற்கப்படும் அழகான முள்ளெலிகளில் கவனமாக இருங்கள். பூ முள்ளெலி எனப்படும் டாக்ஸோநியூஸ்டஸ் பைலியோலஸ் மேலே பூப்பூவாக விரிந்த கொடுக்குகளோடு இருக்கும், அந்தக் கொடுக்குகளில் கடும் விஷம் உண்டு. அஸ்தெனோசோமா வகை நெருப்பு முள்ளெலிகளின் முள்நுனியில் விஷப்பை உண்டு. இவை வீட்டுத் தொட்டிக்கு உரியவை அல்ல.

பாசி தீருமா என்றால், கண்ணுக்குத் தெரியும் பாசி குறையும், காரணம் குறையாது. குட்டையான முடிப்பாசி, புல் போன்ற பாசி, கண்ணாடிப் படலம் ஆகியவற்றை நன்றாக மேயும். விரல் நீளத்துக்கு வளர்ந்து தொங்கும் கற்றையை அது பெரும்பாலும் சுற்றிப் போய்விடும். முதலில் நீங்கள் கையால் பிடுங்கிக் கட்டையாக்கிக் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். குமிழ்ப்பாசியையும் சிவப்பு வழுவழுப்புப் படலத்தையும் அதை நம்பி விடாதீர்கள். தின்றது எங்கே போகிறது என்பதையும் பாருங்கள்: சின்னச் சின்ன உருண்டைகளாகக் கழிவு கீழே கொட்டும். பாதி செரித்த பாசிதான் அது. அங்கேயே கிடந்து மட்கினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீருக்கே திரும்பிவிடும். வாரம் ஒருமுறை குழாய் வைத்து அந்த உருண்டைகளை உறிஞ்சி எடுத்தால்தான் தொட்டியை விட்டுச் சத்து வெளியேறும். மீன்களுக்குப் போடும் தீனியின் அளவு, ஸ்கிம்மரின் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) திறன், ஆவியாவதை ஈடுகட்ட மேல்நிரப்பும் நீரில் பாஸ்பேட் இருக்கிறதா என்பது, இவை மூன்றையும் கவனிக்காமல் முள்ளெலி மட்டும் வாங்கினால் ஆறு மாதம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் தொட்டியில் இருப்பது பச்சை முடிப்பாசிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழுப்பு நிறத்தில், சளி போல, நுனியில் காற்றுக் குமிழோடு, இரவில் குறைந்து பகலில் கூடும் படலம் என்றால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிராக இருக்கலாம். அவற்றில் ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்றவை நச்சு உண்டாக்கும். நியூசிலாந்துக் கடலில் அது பெருகியபோது முள்ளெலிகள் நோயுற்றுச் செத்திருக்கின்றன. நத்தைகள் காரணமில்லாமல் செத்து விழுகிற தொட்டியில் முள்ளெலியை விடாதீர்கள்.

இப்போது தீனி. தொட்டியில் முள்ளெலிகள் சாவதற்கு நான் கண்ட முதல் காரணம் பசி. மற்றவை எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் மாதம் பாறை பளபளவென்று ஆகும்போது எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பளபளப்பு என்பது அதன் சாப்பாட்டுத் தட்டு காலியாகிவிட்டது என்பதன் அடையாளம். முள்ளெலி மெதுவாகச் சாகும். வெளியில் எதுவும் தெரியாது, பல வாரம் கழித்து ஒருநாள் முள் உதிர ஆரம்பிக்கும், அப்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். பாறையில் பச்சை தேடினாலும் கிடைக்காத நாள் வந்ததும் உப்பும் மசாலாவும் சேர்க்காத நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், கொடுக்கத் தொடங்குங்கள். டக்சிடோவுக்குத் தபால்தலை அளவுத் துண்டு ஒன்று இரண்டு நாளைக்கு ஒருமுறை எனத் தொடங்கிப் பாருங்கள். தண்ணீரில் நனைத்து நேராக அதன் முட்கள் மேலேயே வைத்துவிடலாம். குழாய்க்கால்கள் அதைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோவது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. மீன்கள் பறித்துக்கொண்டு போனால், விளக்கு அணைந்த பிறகு கொடுங்கள். தின்று மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். மூழ்கும் பாசி உருண்டைத் தீனியையும் சில தின்னும். இதைச் செய்ய முடியாது என்றால், தொட்டியில் பாசி குறைந்ததும் முள்ளெலியை இன்னொரு ரீஃப் வளர்ப்பவருக்குக் கொடுத்துவிட முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தவறொன்றும் இல்லை, அந்த உயிருக்கு அது நல்லது.

தண்ணீரைப் பொறுத்தவரை, பவளத்துக்கு நல்லது எதுவோ அதுவே முள்ளெலிக்கும் நல்லது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அடர்த்தி எண்ணில் சொன்னால் சுமார் 1.026. வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி. காரத்தன்மை 8, 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் அளவு, மக்னீசியம் 1,300 பக்கம். அதன் ஓடும் முள்ளும் மக்னீசியம் கலந்த சுண்ணத்தால் ஆனவை என்பதால் காரத்தன்மையும் பிஎச் அளவும் விழுந்தால் முதலில் வருந்துபவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் எண்களைவிட ஏற்ற இறக்கம் இல்லாமை முக்கியம். மீனுக்குச் சிறுநீரகமும் செவுளும் உப்பைச் சரிக்கட்டும். முள்ளெலிக்கு அந்த வசதியே கிடையாது. அதன் உடல் திரவமும் சுற்றியுள்ள கடல்நீரும் உப்பில் ஏறக்குறைய ஒன்று. ஆவியாகும் நீரைத் தானாக நிரப்பும் கருவி கோளாறாகி நல்ல நீர் கொட்டினால் முள்ளெலிக்கு அது நேரடி அடி. செம்பு சொட்டும் ஆகாது. செம்பு மருந்து போட்ட வரலாறு உள்ள தொட்டியோ பாறையோ வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பாறை செம்பை உறிஞ்சி வைத்திருந்து பிறகு விடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையைத் திறந்து முதலில் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பாருங்கள். பையிலும் தொட்டியிலும் ஒரே அளவு என்றால் வெப்பத்தைச் சமன் செய்துவிட்டுச் சீக்கிரம் மாற்றுவதே நல்லது. நெடும்பயணம் செய்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், பை திறந்து பிஎச் ஏறியதும் அதன் நஞ்சு கூடும். உப்பு வேறுபட்டால் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே படக்கூடாது, பட்டால் உள்ளே காற்று புகுந்து செத்துவிடும் என்று சொல்வார்கள். அலை இறங்கும்போது கரைப்பாறையில் சற்று நேரம் வெளியே கிடக்கும் வகைகள் இருப்பதால், நொடிப்பொழுது காற்று பட்டால் சாவு என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் நீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏந்தி மாற்றுவதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும்போது இழுத்துப் பிய்க்காதீர்கள், குழாய்க்கால்கள் அறுந்துவிடும். அவை மறுபடி வளரும்தான், என்றாலும் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினால் தானே விடும்.

வாங்கும்போது கண்ணாடியிலோ பாறையிலோ ஒட்டி நிற்பதை எடுங்கள். மணலில் தளர்ந்து கிடப்பது வேண்டாம். முட்கள் நிமிர்ந்து, நிழல் பட்டாலோ தொட்டாலோ அசைய வேண்டும். ஒரே இடத்தில் திட்டாக முள் உதிர்ந்து தோல் தெரிந்தால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், அப்படிப்பட்டதை நான் தேற்றிக் கண்டதில்லை. வந்த புதிதில் இரண்டு மூன்று முள் விழுவது பெரிதல்ல, புது முள் முளைக்கும். ஒரு நாளில் கொத்தாக விழுந்தால் உப்பு, காரத்தன்மை, வெப்பம் மூன்றையும் உடனே அளந்து பாருங்கள். உச்சியிலிருந்து வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ புகை போல வெளியேறினால் பதற வேண்டாம், விந்தோ முட்டையோ விடுகிறது. ஸ்கிம்மரை ஓடவிட்டு, கரித்தூள் வைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். செத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் கிண்ணத்தில் எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்த முள்ளெலியை ஒரு ராத்திரி விட்டுவைத்தால் 200 லிட்டரில் அம்மோனியா ஏறிவிடும்.

கூட இருக்கும் மீன்களில் ட்ரிகர், பஃபர், பெரிய ராஸ் வகைகள் முள்ளெலியைப் புரட்டிப்போட்டு அடிவழியே தின்பவை. அவை இருந்தால் வேண்டாம். கோமாளி மீன், கோபி, கார்டினல், டாங் எல்லாம் பிரச்சினையில்லை, ஆனால் டாங்கும் முள்ளெலியும் ஒரே பாசிக்குப் போட்டி என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் குத்தினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டக்சிடோவின் முள் பெரும்பாலும் தோலைத் துளைக்காது. நீள முள் ஏறினால், வெளியே தெரிவதை மட்டும் இடுக்கியால் நேராக இழுங்கள், தோண்டாதீர்கள். தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்தால் கடுப்பு குறையும். இது மருத்துவர்களும் சொல்வது. காடி ஊற்றினால் முள் கரையும் என்ற வழக்கத்துக்குத் தர்க்கம் இருக்கிறது, முள் சுண்ணம்தானே, ஆனால் ஆழத்தில் இருப்பதை அது எட்டும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மூட்டுக்குப் பக்கத்தில் ஏறினாலோ, வீக்கம் பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் தொட்டிக்கு நான் செய்யச் சொல்வது இது. இந்த இரண்டு வாரம் முடிப்பாசியைக் கையால் முடிந்தவரை பிடுங்குங்கள், பவளங்களை ஒட்டுங்கள், உப்பும் காரத்தன்மையும் நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துவையுங்கள். ஆட்டம் இல்லையென்றால் ஒரே ஒரு டக்சிடோ போதும், இரண்டு வேண்டாம். மீன் தொட்டியிலிருந்து வருவதால் அதன் முட்களில், மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணியின் கூடு ஒட்டி வரலாம். மீன் இல்லாத தனித்தொட்டி இருந்தால் ஆறு வாரமாவது அங்கே நோரி கொடுத்து வைத்திருந்து பிறகு மாற்றுங்கள். உங்கள் நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளையும், என்னென்ன மீன்கள், தினமும் எவ்வளவு தீனி என்பதையும், பாசியின் நெருக்கமான படம் ஒன்றையும் இங்கே போட்டால் பாசிக்கான காரணத்தை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.